கடலூரில் குடும்ப இயற்கைக் குழு: எங்கள் தெருவில் தொடங்கிய விதம்

சில குடும்பங்கள் பிள்ளைகளோடு மாதம் ஒருமுறை வெளியே போய்ச் செடி, பூச்சி, பறவைகளைப் பார்க்கிறோம், அதுதான் இந்தக் குழு. பதிவு, பெயர்ப்பலகை, தலைவர் எதுவும் வேண்டாம். மூன்று குடும்பம் போதும். பள்ளி வாசலில் நேரில் கேளுங்கள். வாட்ஸ்அப் குழு அப்புறம். நான் வைத்த ஒரே நிபந்தனை, பிள்ளையை இறக்கிவிட்டுப் போகக்கூடாது, பெரியவர் ஒருவர் கூடவே நடக்க வேண்டும். கடலோரம் என்பதால் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அடுத்து இடம். நான் தடுமாறியது இங்கேதான். முதல் மாதம் எங்கள் ஊர்க் கடற்கரையான சில்வர் பீச், ஏழு குடும்பங்கள் வந்தன. அதே இடம் என்றால் பிள்ளைகளுக்குச் சலித்துவிடும் என்று இரண்டாம் மாதம் பெருமாள் ஏரி, மூன்றாம் மாதம் பிச்சாவரம் என்று திட்டம் போட்டேன். வண்டி வாடகை, டிபன், விடியற்காலை எழுப்புவது என்று அலைச்சல் கூடிக்கொண்டே போனது. பிச்சாவரத்துக்கு எங்களோடு ஒரே ஒரு குடும்பம் வந்தது. நான்காம் மாதம் வேறு வழியில்லாமல் சில்வர் பீச்சுக்கே போனோம். அங்கே என் மகள், "ம்மா, போன தடவை இந்தக் கொடியில பூ இல்லையே" என்றாள். அடப்பங்கொடி, ஊதாப் பூ. இரண்டாம் முறை வந்ததால்தான் அவள் கண்ணில் அது பட்டது. அன்றிலிருந்து மாதத்தின் முதல் ஞாயிறு, காலை ஆறேகால், அதே இருநூறு மீட்டர் மணல். ஏழரைக்கு வீடு. வெயிலும் ஏறாது, ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கும் வேலையும் கெடாது.

என்ன பார்ப்பது? நண்டு வளைகளை எண்ணலாம்; வாயில் ஈர மணல் குவிந்திருந்தால் இப்போதுதான் தோண்டியது. ராவணன் மீசை என்னும் மணல் புல்லின் விதைப்பந்து காற்றில் உருண்டால் பின்னாலேயே ஓடலாம். ஜனவரி முதல் மார்ச் வரை முட்டையிடக் கரையேறும் பங்குனி ஆமை என்னும் கடல் ஆமையின் தடத்தைத் தேடுங்கள். தடம் இருந்தால் தோண்டாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். முட்டை பொரிய 45 முதல் 60 நாள் ஆகும். மணலின் சூடு கூடினால் பெண் குஞ்சுகள் அதிகம். இதைச் சொன்னதும் பிள்ளைகள் எல்லோரும் மணலில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்கள்.

பைனாகுலர் வாங்கினால் எட்டு மடங்கு காட்டும் 8x42 வாங்குங்கள். பத்து மடங்கு காட்டுவது சின்னக் கையில் ஆடும். ஆறு வயதுக்குக் கீழே என்றால் பூதக்கண்ணாடியே மேல். பறவை பெயருக்கு மெர்லின் ஆப் நல்லது, ஆனால் போன் ஒருவர் கையில் மட்டும் இருக்கட்டும்.

பின்சேர்க்கை: மழைக்காலத்தில் என்ன செய்வது என்று இருவர் கேட்டிருந்தீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் நாங்கள் கடற்கரைக்குப் போவதில்லை. மழை விட்ட இரவில் மொட்டை மாடியில் வெள்ளை வேட்டியைக் கட்டி, எதிரே ஒரு பல்பைப் போட்டு, வந்து உட்காரும் பூச்சிகளைப் பார்க்கிறோம். பல்பு ஒயரை மட்டும் ஈரத்தில் கிடக்க விடாதீர்கள்.

இன்னொரு கேள்வி, மூன்று வயதுக் குழந்தையால் நடக்க முடியாதே என்று. நடக்க வேண்டாம். ஒரு நண்டு வளைக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். நண்டு வெளியே எட்டிப் பார்க்கும்வரை குழந்தை அசையாது.