பெட்டூனியாவுக்கு மணத்தை மீட்டுத் தரும் கலப்பு முறை

பூப்பாத்திகளில் நாம் நடும் பெட்டூனியா, வெண்ணிற ஆக்சில்லாரிஸ், ஊதா நிற இன்டெக்ரிஃபோலியா என்னும் இரு தென் அமெரிக்கக் காட்டினங்களை 1830களில் ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் கலந்ததில் பிறந்தது. பின்னர் நிறத்தையும் அளவையும் பார்த்தே தேர்ந்தெடுத்து வந்ததால், பல வகைகளில் மணம் மங்கிவிட்டது. அந்துப்பூச்சிகளை ஈர்க்க இரவில் மணம் வீசும் ஆக்சில்லாரிஸுடன் மறுபடியும் கலந்தால் அதை மீட்கலாம்.

ஆக்சில்லாரிஸைத் தாயாகவும், ஓரடுக்குப் பூவுடைய ஊதா நிறத் தோட்ட வகையைத் தந்தையாகவும் கொள்வதே நல்லது. வெள்ளைத் தாயின் விதையில் நிறப்பூச் செடி வந்தால் கலப்பு நடந்ததற்கு அதுவே சான்று. பெட்டூனியாவைப் போலவே தோன்றும் கலிப்ரகோவாவைத் தந்தையாக எடுக்க வேண்டாம். பெட்டூனியாவுக்கு 14 குரோமோசோம்கள், அதற்கோ 18 என்பதால் கலப்பு எளிதில் கைகூடாது.

மறுநாள் விரியவிருக்கும் மொட்டைத் தேர்ந்து, அதன் குழலை நீளவாக்கில் மெல்லக் கீறி, ஐந்து மகரந்தப்பைகளையும் வெடிக்குமுன் இடுக்கியால் அகற்ற வேண்டும். இதில் அவசரம் கூடாது: ஆக்சில்லாரிஸ் பல இடங்களில் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் என்பதால், ஒரு பை தங்கினாலும் உழைப்பு வீணாகலாம். சூலகமுடி (பூவின் பெண்பாகத்தில் மகரந்தத்தை ஏற்கும் நுனி) பசுமையாகவும் ஈரப் பளபளப்புடனும் இருக்கும்போது தந்தைப் பூவின் மகரந்தத்தைத் தடவி, காகித உறையிட்டு, பெற்றோர் பெயரும் தேதியும் எழுதிய அட்டையைக் கட்டுங்கள்.

சில வாரங்களில் காய் பழுப்பேறும்; அது வெடிக்குமுன் பறித்துவிட வேண்டும். ஒரு கிராமில் ஏறத்தாழ 10,000 விதைகள் இருக்கும் அளவுக்கு அவை நுண்ணியவை. முளைக்க வெளிச்சமும் தேவை என்பதால், மண்ணால் மூடாமல் ஈரமான கலவையின் மேல் தூவினால் போதும்.

முதல் தலைமுறையைக் கண்டு ஏமாற்றம் அடைய வேண்டாம். பெற்றோரின் குணங்கள் பிரிந்து புதுவிதமாகச் சேர்வது இரண்டாம் தலைமுறையில்தான். எனவே முதல் தலைமுறைச் செடிகளைத் தம்முள் கலந்து, கிடைக்கும் விதையிலிருந்து இடமுள்ள அளவுக்கு, அறுபது செடிகளேனும் வளர்க்க வேண்டும். மணம் பல மரபணுக்களைச் சார்ந்திருப்பதால், குறைந்த எண்ணிக்கையில் நல்ல சேர்க்கை தவறிப்போகும்.

தேர்வை உச்சிப்பகலில் செய்யாமல், இருட்டியபின் ஒவ்வொரு பூவாக முகர்ந்து செய்யுங்கள். நிறமும் மணமும் ஒருங்கே அமைந்த செடி கிடைத்தால், அதன் விதையை நம்பாமல் தண்டுத் துண்டுகளை வேர்விடச் செய்து பெருக்க வேண்டும். விதையில் அதே குணம் மாறாமல் வராது.