ஊர் மணம் மாறாத நகரப் பகுதியில் வீடு வாங்குவோர் செய்யும் தவறுகள்

பெருநகரத்தின் நடுவே, வளைந்து செல்லும் சிறு தெருக்களும் தாழ்ந்த கூரைகளும் மர நிழல் விழும் சதுக்கமும் பெயர் சொல்லி அழைக்கும் அண்டை வீட்டாருமாக ஓர் ஊர் அப்படியே தங்கிவிட்டது போன்ற பகுதிகள் உண்டு. பிழைப்புக்கு நகரமும் வாழ்வதற்கு ஊரும் வேண்டும் என்று எண்ணுவோர் அவற்றைக் கண்டவுடன் மனத்தைப் பறிகொடுப்பது இயல்பே. ஆனால் அங்கே வீடு வாங்குவதற்கு, நகரின் பிற பகுதிகளில் வாங்குவதைவிடக் கூடுதலாக விசாரிக்க வேண்டும். அந்த அழகை ஏதோ ஒன்று தாங்கிக்கொண்டிருக்கிறது. அது ஒரு சட்டமாக இருக்கலாம். நிலத்தின் அமைப்பாக இருக்கலாம். முதிய உரிமையாளர் ஒருவர் தம் தோட்டத்தை இன்னும் விற்காமல் வைத்திருப்பதாகவும் இருக்கலாம். அது எது என்று கேட்டறியாமல் முன்பணம் கொடுத்துவிடுவதிலிருந்துதான் மற்றத் தவறுகள் பலவும் கிளைக்கின்றன.

பெயரையும் தோற்றத்தையும் நம்பிவிடுவதை முதலில் சொல்ல வேண்டும். நகரம் வளர்ந்து வந்து தன்னுள் இழுத்துக்கொண்ட உண்மையான ஊர் வேறு. ஊர் போலத் தோன்றும்படி அண்மையில் கட்டி, அதற்கேற்ற பெயரும் சூட்டி விற்கப்படும் குடியிருப்பு வேறு. பாரிஸின் மோன்மார்த்ர் 1860இல்தான் நகரத்தோடு இணைந்தது. வியன்னாவின் கிரின்சிங் 1892இலும் பார்சிலோனாவின் கிராசியா 1897இலும் இணைந்தன. நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் தெருக்கள், மன்ஹாட்டனைக் கட்டம் கட்டமாகப் பிரித்த 1811ஆம் ஆண்டுத் திட்டத்துக்கு முன்பே அமைந்தவை. அதனால்தான் அங்கே மேற்கு 4ஆம் தெரு மேற்கு 10ஆம் தெருவைக் குறுக்கே கடந்து செல்லும் விந்தையை இன்றும் காணலாம். இத்தகைய இடங்களில் தெருவின் வளைவே வாகனங்களின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. கடையும் பள்ளியும் நடந்து செல்லும் தொலைவில் இருப்பதற்கு, அந்தத் தெருக்கள் உருவான காலத்தில் மக்கள் நடந்தே எங்கும் சென்றார்கள் என்பதே காரணம். புதிய குடியிருப்பில் ஓட்டுக் கூரையும் கல் பாவிய நடைபாதையும் இருந்தாலும், ஒரு மாத்திரை வாங்குவதற்குக்கூட வண்டியை எடுக்க நேர்ந்தால் அங்கே ஊர் வாழ்க்கை அமைவது கடினம். அப்பகுதியின் பழைய வரைபடம் ஒன்றை நூலகத்திலோ ஆவணக் காப்பகத்திலோ தேடி, இன்றைய வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் எது எப்போது வந்தது என்பது ஒரு மணி நேரத்தில் விளங்கிவிடும்.

பலரும் தவறவிடுவதும், என் கணிப்பில் மிகவும் இழப்பு தருவதும் இனிச் சொல்வதுதான். வாங்குபவர் கண்ணுக்குத் தெரியும் கட்டடங்களைப் பார்க்கிறாரே தவிர, சட்டம் அனுமதிக்கும் கட்டடங்களைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு மனைக்கும் எவ்வளவு உயரம் கட்டலாம், மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு எழுப்பலாம், வீடாக மட்டுமே பயன்படுத்தலாமா அல்லது வணிகத்துக்கும் இடம் உண்டா என்பவற்றை நகரத்தின் நிலப் பயன்பாட்டுத் திட்டம் வரையறுக்கிறது. ஆறு மாடிகளுக்கு அனுமதி உள்ள தெருவில் எல்லா வீடுகளும் ஒற்றை மாடியாக நின்றால், அந்தத் தெரு இன்னும் இடிக்கப்படவில்லை என்பதுதான் அதன் பொருள். உங்கள் சாளரத்துக்கு எதிரே வெயில் படும் முற்றம் ஒன்று இருக்கலாம். அதன் உரிமையாளரின் வாரிசுகள் மனையைக் கட்டுமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் நாள்வரையில்தான் அந்த வெயில் உங்களுக்குக் கிடைக்கும். ஆகவே, வாங்கப்போகும் மனைக்கு மட்டுமன்றி, அதன் நான்கு பக்கங்களிலும் எதிர்ப்புறத்திலும் உள்ள மனைகளுக்கும் விதிகள் எவை என்று திட்ட அலுவலகத்தில் கேளுங்கள். கடந்த சில ஆண்டுகளில் அந்தத் தெருவில் தரப்பட்ட கட்டுமான அனுமதிகளையும், புதிய சாலை, சாலை விரிவாக்கம், ரயில் பாதை ஆகியவற்றுக்கான முன்மொழிவுகளையும் சேர்த்துப் பாருங்கள். ரயில் நிலையம் வருகிறது என்று தரகர் மகிழ்ச்சியோடு சொல்லும்போது, அந்த நிலையத்தைச் சுற்றிலும் கட்டட உயர வரம்பு தளர்த்தப்படுமா என்பதையும் கேட்பது நல்லது.

பாதுகாப்புச் சட்டம் இருந்தால் கவலை இல்லை என்று நினைப்பது இதன் மறுபக்கத் தவறு. நியூயார்க் 1965இல் மரபுச் சின்னங்களுக்கான சட்டத்தை இயற்றியது. 1969இல் கிரீனிச் வில்லேஜ் மரபுப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. பிரிட்டனில் 1967ஆம் ஆண்டுச் சட்டம் தனிக் கட்டடங்களைத் தாண்டி முழுப் பகுதிகளையே பாதுகாக்கும் முறையைக் கொண்டுவந்தது. அந்த முறைப்படி, தண்டு 75 மில்லிமீட்டருக்கு மேல் தடித்த மரம் ஒன்றை உங்கள் சொந்தத் தோட்டத்திலேயே வெட்ட விரும்பினால், பொதுவாக ஆறு வாரங்களுக்கு முன்பே உள்ளாட்சி மன்றத்துக்கு அறிவிக்க வேண்டும். 1907இல் தொடங்கப்பட்ட லண்டனின் ஹாம்ஸ்டெட் கார்டன் சபர்ப் பகுதியில் வீட்டின் வெளித்தோற்றத்தை மாற்றுவதற்கு அங்குள்ள அறக்கட்டளையின் ஒப்புதலும் தேவை. இவை நல்ல விதிகள். அவை இல்லையென்றால் அந்த இடங்கள் இன்று இந்த வடிவில் இருந்திருக்க மாட்டா. ஆயினும் அண்டை வீட்டார் மாடி எழுப்புவதைத் தடுக்கும் அதே விதி, உங்கள் பழுதடைந்த மரச் சாளரத்துக்குப் பதிலாக மலிவான சாளரம் பொருத்துவதையும், முதிர்ந்த பெற்றோருக்காகப் பின்புறத்தில் ஓர் அறை சேர்ப்பதையும் தடுக்கலாம். வாங்கிய பிறகு வீட்டை மாற்றி அமைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் உள்ளவர், மாற்ற நினைக்கும் ஒவ்வொன்றையும் எழுதி, அவற்றுக்கு அனுமதி கிடைக்குமா என்று ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். முந்தைய உரிமையாளர் அனுமதியின்றிச் செய்த மாற்றங்களுக்கு நீங்கள் பொறுப்பேற்க நேரும் என்பதால் அதையும் சரிபார்க்க வேண்டும்.

பசுமை யாருடையது என்று கேட்காமல் இருப்பதும் இதே வகைப் பிழை. வயல்வெளி போலவும் சிறு காடு போலவும் அருகில் தெரியும் நிலம் பொதுச்சொத்தா, தனியார் சொத்தா, கட்டுமானத்துக்காகக் காத்திருக்கும் வெற்று மனையா என்பது பார்வைக்குத் தெரியாது. லண்டனின் ஹாம்ஸ்டெட் ஹீத் திடலில் வீடுகள் கட்ட அதன் நிலக்கிழார் பல பத்தாண்டுகள் முயன்றார். ஊரார் தொடர்ந்து எதிர்த்தனர். அவருடைய மறைவுக்குப் பிறகு 1871இல் வந்த சட்டத்தால்தான் அத்திடல் மக்களுக்கு உறுதியாயிற்று.

நிலத்தின் அடியில் இருப்பதைப் பற்றி வீடு வாங்குவோர் அரிதாகவே யோசிக்கிறார்கள். பழைய ஊர்கள் பெரும்பாலும் ஓடையோ ஊற்றோ குளமோ இருந்த இடத்தில்தான் தோன்றின. நகரம் வந்தபோது அந்த ஓடைகள் மறைந்துபோகவில்லை. குழாய்க்குள் அடைக்கப்பட்டுத் தெருவுக்கு அடியில் ஓடுகின்றன. ஹாம்ஸ்டெட் மேட்டில் பிறக்கும் ஃப்ளீட் ஆறு இன்று லண்டனின் கழிவுநீர் அமைப்பின் பகுதியாகத் தரைக்குக் கீழே செல்கிறது. மோன்மார்த்ர் குன்றின் அடியிலோ ஜிப்சம் தோண்டி எடுத்த பழைய சுரங்கங்கள் உள்ளன. பாரிஸில் தரை உள்வாங்கிய நிகழ்வுகளை அடுத்து 1777இல் இத்தகைய சுரங்கங்களுக்கென்றே தனி ஆய்வுத் துறை ஏற்படுத்தப்பட்டது, அது இன்றும் இயங்குகிறது. தெருவின் பெயரில் ஓடை, கிணறு, ஆலை, குழி என்று பொருள்படும் சொல் இருந்தால் அதை ஒரு தடயமாகக் கொள்ளுங்கள். வெள்ள அபாய வரைபடத்தைப் பார்ப்பதோடு, சுவரின் அடிப்பகுதியில் புதிதாகப் பூசிய சாயத்தையும் ஐயத்தோடு நோக்க வேண்டும். ஈரம் ஏறிய சுவரை மறைக்க அதுவே எளிய வழி. பழைய வீடுகளை அறிந்த கட்டடப் பொறியாளர் ஒருவரிடம் அடித்தளம், கூரை மரம், கரையான் சேதம், மின் கம்பிகள் ஆகியவற்றைத் தனித்தனியே சோதிக்கச் சொல்லுங்கள். விற்பவர் அறிமுகப்படுத்தும் பொறியாளர் வேண்டாம்.

ஒரே ஒரு முறை, அதுவும் விடுமுறை நாளின் காலைப் பொழுதில் சென்று பார்த்து முடிவெடுப்பதை வேறு எவ்வளவு நல்ல செய்தியும் ஈடுசெய்யாது. அந்த நேரத்தில் எந்தத் தெருவும் அமைதியாகத்தான் இருக்கும். வேலை நாளின் காலை எட்டு மணிக்கு வீட்டு வாசலிலிருந்து உங்கள் பணியிடத்தின் கதவு வரை உண்மையாகவே பயணம் செய்து பாருங்கள். வரைபடத்தில் காணும் தொலைவு குறுகிய ஒற்றைப் பாதையின் நெரிசலைச் சொல்லாது. இரவு பதினொரு மணிக்கு ஒரு முறை, கனமழை பெய்த மறுநாள் ஒரு முறை, சந்தையோ விழாவோ கூடும் நாளில் ஒரு முறை போய் வாருங்கள். கையில் ஓர் அளவுநாடாவையும் எடுத்துச் சென்று, தெருவின் மிகக் குறுகிய இடத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். தீயணைப்பு வண்டி எதுவரை வரும், ஆம்புலன்ஸ் எங்கே நிற்கும், கட்டில் பீரோவை எந்த வழியாகக் கொண்டு வருவது, விருந்தினரின் வண்டிக்கு இடம் எங்கே என்ற கேள்விகளுக்கு அந்த அளவே விடை தரும். குன்றின் மேல் உள்ள வீடாக இருந்தால், இருபது ஆண்டுகள் கழித்தும் அந்தப் படிகளில் ஏற முடியுமா என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பத்திரத்தைப் பொறுத்தவரை, பழைய ஊர்ச் சொத்துகளில் பாகம் பிரிக்காத பங்குகள், பொதுச்சுவர், பிறர் நடந்து செல்லும் வழியுரிமை, பொதுக் கிணற்றில் உள்ள பாத்தியதை ஆகியவை அதிகம் என்பதால், புதிய அடுக்குமாடி வீட்டுக்குச் செய்யும் ஆய்வு போதாது. சொத்து வழக்குகளில் பழகிய வழக்கறிஞரை அணுகுவதே முறை.

இனி மனிதர்களைப் பற்றி. ஹெர்பர்ட் கான்ஸ் என்ற சமூகவியலாளர் 1957–58இல் பாஸ்டன் நகரின் வெஸ்ட் எண்ட் பகுதியில் குடியிருந்து அங்குள்ள வாழ்க்கையை ஆராய்ந்தார். அதிகாரிகளின் கண்ணுக்குச் சேரியாகத் தெரிந்த அவ்விடத்தில், உறவும் நட்பும் நெருங்கிப் பின்னிய ஓர் ஊரே வாழ்வதை அவர் கண்டார். ஆயினும் மறுசீரமைப்பு என்ற பெயரில் அப்பகுதி விரைவில் இடிக்கப்பட்டது. ஊர்த்தன்மை கட்டடத்தில் இருப்பதைவிட மனிதர்களின் அன்றாடப் பழக்கத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு: கட்டடங்கள் அழகு குலையாமல் நிற்க, வசித்தவர்கள் வாடகை ஏற்றத்தால் வெளியேறிவிடுவார்கள். வசதியானவர்கள் வந்து குடியேற, பழையவர்கள் விலக நேரும் இந்தப் போக்குக்கு லண்டனை ஆராய்ந்த ரூத் கிளாஸ் 1964இல் ஆங்கிலத்தில் ஒரு தனிப் பெயரே சூட்டினார். நீங்கள் விரும்பும் பழைய கடைகள் சொந்தக் கட்டடத்தில் இயங்குகின்றனவா, வாடகைக்கு இருக்கின்றனவா என்று விசாரியுங்கள்; வாடகைக் கடையின் ஆயுள் அதன் ஒப்பந்தக் காலம் வரைதான். எத்தனை வீடுகள் சுற்றுலாப் பயணிகளுக்குச் சில நாள் தங்கலுக்காக விடப்படுகின்றன என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். வாரந்தோறும் முகங்கள் மாறும் படிக்கட்டில் அண்டை வீட்டார் உருவாவதில்லை. பார்சிலோனா நகராட்சி இத்தகைய சுற்றுலா வீடுகளின் உரிமங்களை 2028 நவம்பருக்குள் முடிவுக்குக் கொண்டுவரப்போவதாக 2024இல் அறிவித்ததற்கு, உள்ளூர் மக்களின் வாடகைச் சுமையே முதன்மைக் காரணமாகச் சொல்லப்பட்டது.

நெருக்கமான அக்கம்பக்கம் வேண்டும் என்று வருபவர், அந்த நெருக்கம் தம்மிடமும் எதையோ கேட்கும் என்பதை மறந்துவிடுகிறார். இத்தகைய தெருவில் உங்கள் வரவும் போக்கும் கவனிக்கப்படும். குப்பை எடுக்கும் நேரம், வண்டி நிறுத்தும் இடம், சதுக்கத்தைப் பேணும் பணி ஆகியவற்றில் பங்கேற்க அழைப்பு வரும். தனிமையை மிகவும் விரும்புபவருக்கு இது சுமையாகலாம், அதில் குற்றம் ஒன்றும் இல்லை. இதைப் பத்திரமோ பொறியாளரோ சொல்ல முடியாது என்பதால், இயன்றவர்கள் வாங்குவதற்கு முன் அதே தெருவில், மழைக்காலமும் சேரும்படி ஆறு மாதம் வாடகைக்கு இருந்து பார்ப்பது நல்லது. அதற்கு வாய்ப்பில்லாதவர்கள் ஒரு வாரமாவது அங்கே தங்கி, வேலைக்கும் கடைக்கும் அங்கிருந்தே போய் வந்து, நெடுநாள் குடியிருப்பவர்கள் இரண்டு மூன்று பேரிடம், இந்தத் தெருவைவிட்டுக் கடைசியாகப் போனவர்கள் யார், எதற்காகப் போனார்கள் என்று கேட்கட்டும்.