கேமராவுக்குப் பழகாதவரை பூடுவார் படத்துக்கு நிறுத்துவது எப்படி

பூடுவார் படம், அதாவது படுக்கையறைச் சூழலில் குறைந்த உடையில் எடுக்கிற அந்தரங்கப் படம், எடுக்க வருகிற பெண்களில் பலர் அதற்கு முன் ஒழுங்காகப் போஸ் கொடுத்தது கல்யாணத்தன்று மட்டும்தான். அங்கேயும் "இங்க பாருங்க, சிரிங்க" என்பதைத் தாண்டி யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவரிடம் போய் "ரிலாக்ஸா இருங்க மேடம்" என்றால் உடம்பு இன்னும் விறைக்கும். "தோளைக் காது வரைக்கும் தூக்குங்க, அப்படியே பொத்துனு விடுங்க" என்று சொல்லிப் பாருங்கள், தோள் தானாக இறங்கிவிடும். எந்த உறுப்பு, எந்தப் பக்கம், எவ்வளவு என்று ஒவ்வொன்றாகச் சொல்வதில்தான் மொத்த வேலையும் இருக்கிறது.

படம் எடுப்பதற்கு முந்தின நாளே போனில் சில விஷயங்களைப் பேசிவிட வேண்டும். பாவாடை நாடா, பிளவுஸ் விளிம்பு, உள்ளாடை எலாஸ்டிக் ஆகியவற்றின் தடம் தோலை விட்டு மறைய ஒரு மணி நேரமாவது ஆகும். அதனால் லூசான நைட்டியிலோ தளர்ந்த குர்த்தாவிலோ வரச் சொல்லுங்கள். வருஷக்கணக்கில் சேலை கட்டி இடுப்பில் கறுத்துப்போன கோடு இதில் போகாது. அந்த இடத்தில் துணியோ கையோ வருகிற மாதிரி போஸை அமைக்கலாம். படம் எடுக்கிற அன்று உடம்புக்கு எண்ணெய் தேய்க்க வேண்டாம், வெளிச்சம் பட்ட இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பளபளக்கும். எது தெரியக் கூடாது, அறையில் யார் இருக்கலாம், படம் யார் கைக்குப் போகும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். 18 வயது நிறைந்ததை அடையாள அட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள். எடுக்கச் சம்மதித்தார் என்பதால் பகிரவும் சம்மதித்தார் என்று ஆகாது. ஒருவரின் அந்தரங்க உறுப்பு தெரிகிற படத்தைச் சம்மதமில்லாமல் பகிர்ந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஈ (66E) பிரிவில் 3 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம்.

வெளிச்சத்துக்கு ஒரு ஜன்னல் போதும். வெயில் நேராக விழுந்தால் வெள்ளை வேட்டி ஒன்றை இரண்டாக மடித்துக் கட்டிவிடுங்கள். டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் தோலில் இரண்டு நிறம் கலக்கும். கட்டில் ஜன்னலுக்குப் பக்கவாட்டில், மூன்று நான்கு அடி தள்ளி இருக்கட்டும். கேமராவுக்குப் பின்னாலிருந்து வருகிற வெளிச்சம் உடம்பைத் தட்டையாக்கி அகலப்படுத்தும். பக்கவாட்டு வெளிச்சம் வளைவைக் காட்டும். லென்ஸ் 50 அல்லது 85 மி.மீ. இருக்கட்டும். 35 மி.மீ. லென்ஸை வைத்துக்கொண்டு நெருங்கினால் முன்னால் இருக்கிற முழங்காலோ கையோ பூதாகரமாகிவிடும்.

முதல் பதினைந்து நிமிடம் முழு உடையோடு ஜன்னலோரம் முகத்தை மட்டும் எடுங்கள். தாடையை இறக்கச் சொன்னால் பலர் கழுத்தோடு சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்வார்கள், இரட்டைத் தாடை வந்துவிடும். "நெத்தியை ஒரு இன்ச் என் பக்கம் கொண்டு வாங்க, இப்ப லேசா கீழ" என்றால் சரியாக வரும். செய்யும்போது கோணலாகத் தோன்றும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உதடு இறுகியிருந்தால் மூச்சை வாய் வழியே விடச் சொல்லி, விட்டு முடிகிற கணத்தில் எடுங்கள். நன்றாக வந்த ஒரு படத்தை அப்போதே கேமராத் திரையில் காட்டுங்கள். அதற்குப் பிறகு பாதித் தயக்கம் இருக்காது.

நிற்கும் போஸைப் பாதத்திலிருந்து கட்டுங்கள். எடை பின்னங்காலில், இடுப்பு கேமராவை விட்டு விலகி, முன் முழங்கால் லேசாக மடிந்து மற்றக் காலைத் தாண்டி வரட்டும். கைக்கும் இடுப்புக்கும் நடுவே இடைவெளி தெரிய வேண்டும். ஒட்டினால் இரண்டும் சேர்ந்து ஒரே அகலமாகத் தெரியும். இதையெல்லாம் வாயால் சொல்வதைவிட எதிரே நின்று நீங்களே செய்து காட்டி, "கண்ணாடியில பாக்குற மாதிரி அப்படியே செய்யுங்க" என்பது வேகமாக நடக்கும். இடது வலது குழப்பமும் வராது. தொட்டுத் திருத்தும் பழக்கமே வேண்டாம். முகத்தில் விழுந்த முடியைக்கூட அவரே ஒதுக்கட்டும்.

உட்கார வைத்தால் கட்டிலின் விளிம்பில் மட்டும். உள்ளே தள்ளி உட்கார்ந்தால் தொடை அழுந்திப் பரவும். முன்னால் சாய்வது இடுப்பிலிருந்து நடக்க வேண்டும். வயிற்றிலிருந்து குனிந்தால் ஒல்லியானவருக்கும் மடிப்பு விழும், அதை அவர் தன் உடம்பின் குறையென்று நினைத்துக்கொள்வார்.

புதியவருக்குச் சுலபமானது மல்லாந்து படுப்பது, வயிறு தானாகச் சமமாகிவிடும். கேமராவுக்கு அந்தப் பக்கக் காலை மடக்கினால் வயிறு முதல் தொடை வரை கோடு முழுசாகத் தெரியும். இந்தப் பக்கக் காலை மடக்கினால் இடுப்பு மறையும். எது பிடிக்கும் என்று அவரையே கேளுங்கள். ஒருக்களித்துப் படுக்கும்போது மெத்தை முக்கியம். பஞ்சு, ஃபோம் மெத்தையில் இடுப்பு புதைந்து வளைவு போய்விடும். தேங்காய் நார் மெத்தை கெட்டியாக இருக்கும். மேல்காலை முன்னால் மடக்கி முழங்கால் மெத்தையைத் தொடட்டும், கால்விரல் நீண்டிருக்கட்டும். குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றினால் தோள் காதுக்கு ஏறும். முழங்கையை ஒரு சாண் முன்னால் தள்ளினால் கழுத்து வெளியே வரும். முதுகை வளைக்கச் சொன்னால் பத்து விநாடிக்குமேல் பிடிக்க வைக்காதீர்கள். முதுகுவலி இருப்பவருக்கு இந்தப் போஸே வேண்டாம்.

படத்தைக் கெடுப்பதில் முதலிடம் கைக்குத்தான். விரல் தோலை அழுத்தினால் குழி விழும், தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். புறங்கையை அப்படியே காட்டாமல் சுண்டுவிரல் பக்கம் கேமராவுக்குத் திரும்பட்டும். கைக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டால் இதில் பாதி தானே சரியாகும்: தோட்டைத் திருகுவது, முந்தானை ஓரத்தைப் பிடிப்பது, முடியைக் காதோரம் செருகுவது. அந்த அசைவின் நடுவே எடுங்கள். அதற்கு ஷட்டர் வேகம் 1/200 விநாடிக்குக் கீழே இறங்கக் கூடாது, அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) f/2.8 வைத்து, கேமராவுக்கு அருகிலுள்ள கண்ணில் ஃபோகஸ் செய்தால் அது தெளிவாக நிற்கும்.

கண் சொருகியவை, விரல் விறைத்தவை எல்லாவற்றையும் கழித்துவிட்டு மிச்சத்தைக் காட்டுங்கள். ஒரு மோசமான படம் நல்ல முப்பதையும் மறக்கடிக்கும். எடிட்டிங்கில் நிறத்தை வெளுப்பாக்க வேண்டாம். பருவை அழிக்கலாம். பிரசவத் தழும்பையும் மச்சத்தையும் அவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.