ஊரடங்கும் தடைக்காலமும் ஒன்றில்லை

2020 மார்ச் 24 சாயங்காலம் ஆறு மணிக்குக் கொரோனாவுக்காகத் தமிழ்நாட்டில் 144 போட்டார்கள், அன்றைக்கு ராத்திரியே நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு என்று பிரதமர் டிவியில் சொன்னார். எங்கள் தெருவில் யாரும் பெரிதாகப் பதறவில்லை. "வருசா வருசம் ரெண்டு மாசம் சும்மாதான கெடக்குறோம், இதென்ன புதுசா" என்றுதான் பேச்சு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது, அது போகப் புயல் கூண்டு ஏற்றினால் அந்த நாட்களும் போச்சு. வீட்டில் கிடப்பது நமக்குப் பழக்கம்தானே என்று நினைத்தோம். பத்து நாள் கூட அந்த நினைப்பு தாங்கவில்லை.

ஏன் என்று அப்போது புரியவில்லை, பின்னால்தான் புரிந்தது. தடைக்காலத்தில் மூடுவது கடல் மட்டும். கரை திறந்தேதான் இருக்கும். ஆண்கள் விடிந்ததும் கரைக்குப் போய்விடுவார்கள், வலை பொத்துவார்கள், படகுக்குப் பெயிண்ட் அடிப்பார்கள், இன்ஜினைப் பிரித்துப் போட்டுவிட்டு நாலு பேர் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள், டீக்கடையில் கடன் பற்றிப் புலம்புவார்கள், புலம்பி முடித்துச் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வருவார்கள். காசு இருக்காது, ஆனால் பொழுது இருக்கும், ஆள் இருக்கும், கைக்கு வேலை இருக்கும். ஊரடங்கில் இந்த மூன்றும் ஒரே நாளில் போயின. அதனால் இன்னொரு தடவை இப்படிக் கதவைச் சாத்தச் சொன்னால் முதலில் இந்த மூன்றையும் வீட்டுக்குள் எப்படிக் கொண்டுவருவது என்று பாருங்கள். யோகா, டைரி எழுதுவது எல்லாம் பிடித்தவர்கள் செய்யட்டும், நான் தடுக்கவில்லை.

பொழுதிலிருந்து ஆரம்பிக்கிறேன். எங்கள் அப்பா நாற்பது வருசமாக விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து வாசலில் நின்று காற்று வாடையா கச்சானா என்று பார்க்கிற ஆள். ஊரடங்கின் முதல் வாரம் அப்படியே எழுந்தார், பார்த்தார், உள்ளே வந்து உட்கார்ந்தார். இரண்டாவது வாரம் காலை பத்து மணிக்கு எழுந்தார். மூன்றாவது வாரம் பகலெல்லாம் தூக்கம், ராத்திரியெல்லாம் கொட்டக்கொட்ட விழிப்பு, சோற்றில் உப்பு கூடிவிட்டது என்று தட்டைத் தள்ளிவிட்டார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை.

எத்தனை மணிக்குப் படுப்பது என்பதை விடுங்கள், அது நம் கையில் இல்லை. எத்தனை மணிக்கு எழுவது என்பது கையில் இருக்கிறது. ராத்திரி தூக்கமே வராவிட்டாலும் காலையில் அதே நேரத்துக்கு எழுந்து, வெயில் முகத்தில் படுகிற மாதிரி வாசலிலோ மொட்டை மாடியிலோ கால் மணி நேரம் நில்லுங்கள். உடம்புக்குள் ஓடுகிற கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது காலை வெளிச்சம்தான். அப்புறம் குளித்து, ராத்திரி கட்டியிருந்த கைலியை, நைட்டியை மாற்றிவிடுங்கள். எங்கேயும் போகவில்லை என்றாலும் மாற்றுங்கள். மத்தியானம் இந்த ஊர் வெயிலுக்குக் கண் சொக்கத்தான் செய்யும், அரை மணி நேரத்துக்கு மேல் போனால் யாராவது எழுப்பிவிடச் சொல்லிப் படுங்கள்.

கைக்கு வேலை என்றால் பிறருக்குப் பயன்படுகிற வேலை. அப்பாவைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போன அம்மா ஒரு நாள் கொல்லையில் கிடந்த பழைய நண்டு வலையை இழுத்துவந்து நடுவீட்டில் போட்டு, "இந்தா, இது எலி கடிச்சுக் கெடக்கு, தூக்கிப் போடவா?" என்றார். அப்பா பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் வலையின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் மாட்டி, மறுமுனையைக் கால் கட்டைவிரலில் இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஊசியில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். அறுந்த கண்ணைக் கத்தியால் சுத்தமாக வெட்டிவிட்டுத்தான் புதுக்கண் போடவேண்டுமாம், அறுந்ததோடு சேர்த்து முடிந்தால் நிற்காதாம். இதை என் அக்கா மகனுக்குச் சொல்லிக்கொடுத்தார், அந்தப் பயல் அதுவரைக்கும் போனை விட்டுத் தலையை நிமிர்த்தாதவன். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு நாளைக்கு ஒரு முழம் கூட முடித்திருக்க மாட்டார்கள், ஆனால் அன்று ராத்திரி அப்பா தூங்கினார். உங்கள் வீட்டில் வலை இல்லையென்றால் பனை ஓலை இருக்கும், கொட்டான் முடையலாம். சைக்கிளைப் பிரித்துப் பூட்டலாம். ஒன்றுமே இல்லையென்றால் தாயமோ பல்லாங்குழியோ ஆடுங்கள், காசு வைத்து மட்டும் ஆடாதீர்கள், எங்கள் பக்கத்து வீட்டில் புளியங்கொட்டை வைத்து ஆடியதற்கே இரண்டு நாள் பேச்சு நின்றது.

இதைப் படிக்கிற பெண்கள் சிரிப்பீர்கள். உங்களுக்கு வேலை இல்லாத கஷ்டம் வரவே இல்லை, இரண்டு மடங்கானதுதான் கஷ்டம். எல்லாரும் வீட்டில், ஐந்து வேளை டீ, தண்ணீர்க் குடங்களைத் தள்ளுவண்டியில் வைத்து அதே வரிசையில் நிற்பது. மன்னார் வளைகுடாப் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகிற பெண்களில் ஒருவர் என்னிடம் சொன்னது: "கடல்ல முங்குறதுதான் ஆத்தா எனக்கு ஓய்வு. கரையில ஏறுனா அடுப்பு." கழுத்தளவு தண்ணீரில் மூச்சடக்கி முங்குவது ஒருவருக்கு ஓய்வாக இருக்கிறது என்றால் வீட்டில் எவ்வளவு வேலை என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் படகில் கூடப் போகிற பத்துப் பேரோடு பேசுகிற பேச்சும் போய்விட்டது. எனவே ஆண்கள் கவனிக்க: தண்ணீர் வண்டியை நீங்கள் தள்ளுங்கள். சாயங்காலம் ஒரு மணி நேரம் அம்மாவையும் மனைவியையும் யாரும் எதற்கும் கூப்பிடக்கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் அவர்கள் போனில் யாரிடம் என்ன பேசினாலும் கேட்காதீர்கள். வீட்டுக்குள் அடி, மிரட்டல் என்று போனால் பெண்களுக்கு 181, பிள்ளைகளுக்கு 1098.

செய்தி. சுகாதாரத் துறை அப்போது தினமும் சாயங்காலம் மாவட்ட வாரியாக எண்ணிக்கை வெளியிட்டது, எங்கள் தெருவே அதற்காக டிவி முன்னால் உட்கார்ந்தது. அது போதும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை செய்தி, அதில் ஒன்றும் படுக்கிற நேரத்தில் வேண்டாம். வாட்ஸப்பில் வருகிற "தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் பேசுறேன்" ஆடியோக்களைக் கேட்காமலே அழியுங்கள். கேட்டுவிட்டீர்கள் என்றால் இன்னொருவருக்கு அனுப்பாதீர்கள்.

ஆள் என்பது கொஞ்சம் சிக்கல். கீழக்கரையில் எனக்கு ஒரு தோழி, அவள் அண்ணன் துபாயில் சபுராளி, அதாவது பிழைக்க வெளிநாடு போனவர், ஆறு பேர் இருக்கிற அறையில் அடைந்து கிடந்தார். உம்மா ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போன் போடுவார், பத்துத் தடவையும் "சாப்பிட்டியா, காய்ச்சல் இல்லையே" தவிர வேறு பேச்சு இல்லை, வைத்ததும் இரண்டு பக்கமும் பயம் கூடும். அந்த வருசம் ஏப்ரல் கடைசியில் நோன்பு பிறந்தது, பள்ளிவாசல் மூடியிருந்தது, கஞ்சி குடிக்கப் போக வழியில்லை. அப்போது உம்மா ஒரு காரியம் செய்தார். சாயங்காலம் அசர் தொழுததும் மகனை வீடியோவில் கூப்பிட்டு, இந்தப் பக்கம் இவர் அடுப்பில் நொய்யரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் போட, அந்தப் பக்கம் மகனும் போடவேண்டும். "பூண்டு பத்தாது வாப்பா, இன்னும் நாலு பல் போடு." முதல் நாள் மகன் கஞ்சி அடிப்பிடித்ததாம், அறையில் இருந்த ஆறு பேரும் குடித்தார்களாம். அதற்கப்புறம் காய்ச்சல் பற்றிய கேள்வி குறைந்தது. தூரத்தில் இருக்கிறவரிடம் நலம் விசாரித்துக்கொண்டே இருக்காதீர்கள், ஒரே நேரம் குறித்துக்கொண்டு ஒரே வேலையைச் சேர்ந்து செய்யுங்கள்.

பக்கத்திலேயே இருந்து தூரமாகிப்போனவர்களும் உண்டு. கொரோனா என்று ஸ்டிக்கர் ஒட்டிய வீடு, தகரம் அடித்து அடைத்த தெரு. அந்த வீட்டு வாசலைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பாமல், எட்ட நின்று "என்ன வேணும், கடைக்குப் போறேன்" என்று ஒரு சத்தம் கொடுங்கள். அதற்கு நோய் ஒட்டாது.

காசுக் கவலைக்கு மூச்சுப் பயிற்சி மருந்தில்லை, இதை மழுப்பாமல் சொல்லிவிடவேண்டும். 2020இல் அரிசி அட்டைக்கு 1000 ரூபாயும், தடைக்கால நிவாரணம் 5000 ரூபாயும் கிடைத்தது, மார்ச்சில் நின்ற விசைப்படகு ஜூன் பிறந்த பிறகுதான் கடலைப் பார்த்தது, கணக்கு உங்களுக்கே தெரியும். ஆனால் தலைக்குள் சுற்றுகிற கடன் எப்போதும் நிஜக் கடனைவிடப் பெரியது. ஒரு நோட்டை எடுத்து யாருக்கு எவ்வளவு, எது இந்த மாதம், எது பேசித் தள்ளிப்போடலாம் என்று எழுதுங்கள், வீட்டில் இன்னொருவருக்குத் தெரிந்தே எழுதுங்கள். அந்த வருசம் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிவைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது, வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது என்றாலும் அப்படி ஒரு வழி இருப்பதே தெரியாமல் குழுக் கடனுக்குத் தோட்டை அடகு வைத்தவர்கள் உண்டு. கேட்டுத் தெரிந்துகொள்ள வெட்கப்படாதீர்கள்.

அடுத்தது குடி. இதை அவசரம் என்று படியுங்கள். தினமும் குடித்துப் பழகியவருக்கு டாஸ்மாக் திடீரென்று மூடினால் முதல் இரண்டு நாளில் கை நடுங்கும், வேர்க்கும், தூக்கம் போகும். சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு மூன்று நாளில் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்து, தான் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் பேசுவார்கள். "நல்லதாப் போச்சு, தானா விட்டுரட்டும்" என்று கதவைச் சாத்தி வைக்காதீர்கள், பேய் பிடித்தது என்று மந்திரிக்கவும் கிளம்பாதீர்கள், அது உயிரை வாங்கும் நிலை, 108ஐக் கூப்பிடுங்கள். மருத்துவமனையில் மாத்திரை கொடுத்துப் படிப்படியாக இறக்குவார்கள். 2020 ஏப்ரலில் பக்கத்து மாவட்டக் கடற்கரையில் சேவிங் லோஷனைக் குளிர்பானத்தில் கலந்து குடித்த மீனவர்கள் மூன்று பேர் செத்துப்போனார்கள். ஒழுக்கம் பற்றிய பிரசங்கத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

படபடப்பு பற்றியும் ஒன்று. 2021 மே மாதம் எங்கள் அத்தை நடுராத்திரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சு வரவில்லை என்று எழுந்தார். விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டரில் 98 காட்டியது, காய்ச்சல் இல்லை, கை விரலெல்லாம் மரத்துப்போச்சு என்றார், பத்து இருபது நிமிசத்தில் தானாக இறங்கியது. பயம் உச்சிக்கு ஏறினால் இப்படித்தான் இருக்கும். அந்த நேரத்தில் மூச்சை ஆழமாக இழுக்கச் சொல்லாதீர்கள், வெளியே விடுவதை நீளமாக்கச் சொல்லுங்கள். நாலு எண்ணும்வரை உள்ளே, ஆறு எண்ணும்வரை மெதுவாக வெளியே, ஆறு ஏழு தடவை. ஆனால் ஆக்சிமீட்டர் 94க்குக் கீழே காட்டினாலோ, நெஞ்சுவலி நிற்காவிட்டாலோ, பயம்தான் என்று நீங்களே முடிவு கட்டாமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

கடைசியாக, இந்தக் கரையில் மட்டும் இருக்கிற ஒரு பயம். "மனசு சரியில்லை" என்று சொன்னால் "ஏர்வாடிக்குக் கொண்டுபோயிருவாங்க" என்பது சின்ன வயதிலிருந்து நாம் கேட்ட மிரட்டல். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் அங்கே ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள், அந்த நினைவு போகவில்லை, போகவும் கூடாது. ஆனால் அதற்கப்புறம் நிறைய மாறியிருக்கிறது. 2017ஆம் வருசச் சட்டப்படி யாரையும் சங்கிலியில் கட்டக்கூடாது. மருந்தும் வேண்டுதலும் சேர்ந்தே நடக்கட்டும் என்று அரசே ஏர்வாடி தர்காவில் 'தவா துவா' திட்டத்தைக் கொண்டுவந்தது. தர்காவுக்கோ கோயிலுக்கோ மாதா கோயிலுக்கோ போகிறவர்கள் போகட்டும், ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் அதைத் திடீரென்று நிறுத்த வேண்டாம். பஸ் நிற்கப்போகிறது என்று தெரிந்தால் அரிசி பருப்போடு சேர்த்து ஒரு மாத மாத்திரையையும் வாங்கி வையுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ கெட்டுக் கிடந்தால், பிடித்த எதிலும் மனம் ஒட்டாவிட்டால், "நான் இருந்து என்ன செய்யப்போறேன்" என்ற பேச்சு வந்தால் வைத்தியம் பார்க்கவேண்டும். அப்படிப் பேசுகிறவரிடம் "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் தனியாக விடாதீர்கள், வீட்டில் இருக்கிற பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் பார்க்கிறார். அவ்வளவு தூரம் போக முடியாத நாளில் அரசின் மனநல உதவி எண் 14416, இருபத்துநாலு மணி நேரமும், தமிழிலேயே பேசலாம், 2020இல் இது இல்லை, 2022 அக்டோபரில் வந்தது. 104லும் பேசலாம். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல்தான் நிறையப் பேர் போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார்கள். "மூணு வாரமா தூக்கம் இல்லைங்க" என்று மட்டும் சொல்லுங்கள், மீதியை அவர்களே கேட்பார்கள்.