அயோவா சர்வேயை எப்படிப் படிப்பது: குடியரசுக் கட்சி பிரைமரியைப் புதிதாகப் பார்ப்பவர்களுக்கு

அமெரிக்க அதிபர் தேர்தல் வருடம் பிறப்பதற்கு முன்பே வாட்ஸ்அப் குழுக்களில் சர்வே படங்கள் வர ஆரம்பித்துவிடும். 2023-ல் விவேக் ராமசாமி குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராகும் போட்டியில் களத்தில் இருந்தபோது, பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம் என்பதால், நம் ஆட்களிடம் அவை கொஞ்சம் அதிகமாகவே சுற்றின. யார் முதலிடம், எத்தனை சதவீதம், அவ்வளவுதான் அந்தப் படத்தில் இருக்கும். எனக்கு அதில்தான் வருத்தம். ஒரு நல்ல சர்வேயில் உண்மையிலேயே உபயோகமான விஷயமெல்லாம் அந்தப் பெரிய எண்ணுக்குக் கீழே, யாரும் பகிராத பக்கங்களில் இருக்கிறது. அதை எடுத்துப் படிக்கத் தெரிந்துவிட்டால் பாதி ஆச்சரியங்கள் ஆச்சரியமாகவே இருக்காது.

தேவையானவை மூன்று: ஒரு நோட்டு, போனில் இருக்கும் கால்குலேட்டர், சர்வே நடத்தியவர்கள் வெளியிட்ட முழு அறிக்கை. செய்தித் தலைப்பு போதாது, அறிக்கையே வேண்டும்.

படி 1: நாடு முழுவதுமா, ஒரு மாநிலமா?

பிரைமரி என்பது கட்சி தன் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்தும் வாக்கெடுப்பு. குடியரசுக் கட்சி தன் வேட்பாளரை ஒரே நாளில் நாடு முழுக்க ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. அயோவா முதலில், அடுத்து நியூ ஹாம்ப்ஷயர், பிறகு சவுத் கரோலைனாவும் நெவாடாவும் என்று வரிசையாகப் போகும். ஆகவே ‘நாடு முழுவதும் இவருக்கு இத்தனை சதவீதம்’ என்ற எண், நடக்கவே நடக்காத ஒரு தேர்தலைப் பற்றிய எண். 2007-ல் பெரும்பாலான மாதங்கள் தேசிய சர்வேக்களில் முன்னால் இருந்தவர் ரூடி ஜூலியானி. ஆரம்ப மாநிலங்களை விட்டுவிட்டு புளோரிடாவை நம்பினார். 2008 ஜனவரியில் அயோவாவில் ஆறாவது, நியூ ஹாம்ப்ஷயரில் நான்காவது, கடைசியில் நம்பியிருந்த புளோரிடாவிலும் மூன்றாவது. மறுநாளே விலகினார்.

தேசிய எண்ணை ஒதுக்கிவிடுங்கள் என்று சொல்லவில்லை. 2023 ஆகஸ்டில் மில்வாக்கியில் நடந்த முதல் விவாத மேடையில் ஏறுவதற்கே, கட்சி வைத்த நிபந்தனைகளில் தேசிய சர்வேயும் இருந்தது, ஆரம்ப மாநில சர்வேயும் இருந்தது. ஆனால் ஓட்டு எப்படி விழும் என்று பார்க்க வேண்டுமென்றால் மாநில சர்வேதான். நோட்டில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிப் பக்கம் போடுங்கள்.

படி 2: யாரிடம் கேட்டார்கள்?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம், சரி. ஆனால் எந்தப் பானை? அயோவாவில் பதிவு செய்த குடியரசுக் கட்சிக்காரர்கள் சுமார் ஏழரை லட்சம் பேர். 2024 ஜனவரி 15 அன்று காக்கஸுக்கு, அதாவது பிரைமரிக்குப் பதிலாக அங்கே நடக்கும் கட்சிக் கூட்டத்துக்கு, வந்தவர்கள் சுமார் 1.1 லட்சம்தான், அதாவது 15 சதவீதம் அளவுக்கு. காக்கஸ் என்பது போகிற வழியில் ஓட்டுப் போட்டுவிட்டுப் போகிற சமாச்சாரம் இல்லை. இரவு ஏழு மணிக்குப் பள்ளிக்கூடத்திலோ சர்ச்சிலோ கூடி உட்கார்ந்து, ஒவ்வொரு வேட்பாளருக்காகவும் ஒருவர் பேசுவதைக் கேட்டுவிட்டு, அப்புறம் ஒரு துண்டுச் சீட்டில் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த வருடம் சில இடங்களில் மைனஸ் 20 டிகிரி செல்சியஸையும் தாண்டிய குளிர் வேறு.

எனவே அறிக்கையில் முதலில் தேட வேண்டியது, வடிகட்டும் கேள்வி. ‘காக்கஸுக்குக் கட்டாயம் போவீர்களா, அநேகமாகப் போவீர்களா, போக மாட்டீர்களா?’ என்று கேட்டு, கடைசி வகையினரை நீக்கிவிட்டுத்தான் எண்ணியிருக்க வேண்டும். ‘பதிவு செய்த வாக்காளர்கள்’ என்று மட்டும் போட்டிருந்தால் அந்த சர்வே வராதவர்களையும் சேர்த்து எண்ணியிருக்கிறது.

மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். அயோவாவில் கட்சிக்காரர்கள் மட்டும்தான், ஆனால் அன்று இரவே வாசலில் பதிவு செய்துகொள்ளலாம். நியூ ஹாம்ப்ஷயரில் எந்தக் கட்சியிலும் பதியாதவர்கள் விரும்பிய கட்சியின் வாக்குச்சீட்டைக் கேட்டு வாங்கலாம். சவுத் கரோலைனாவில் கட்சிவாரிப் பதிவே கிடையாது. 2024-ல் போட்டியிட்ட நிக்கி ஹேலிக்கு அயோவாவில் 19 சதவீதமும் எட்டு நாள் கழித்து நியூ ஹாம்ப்ஷயரில் 43 சதவீதமும் கிடைத்ததற்கு, கதவு எவ்வளவு திறந்திருந்தது என்பதும் ஒரு காரணம். நெவாடாவை ஆரம்பத்தில் விட்டுவிடலாம். 2024-ல் அங்கே இரண்டு நாள் இடைவெளியில் ஒரு பிரைமரியும் ஒரு காக்கஸும் தனித்தனியாக நடந்தன, புதியவர்களுக்குக் குழப்பம்தான் மிஞ்சும்.

படி 3: எந்தத் தேதிகளில் போன் செய்தார்கள்?

வெளியான தேதி முக்கியமில்லை, கேட்ட தேதிதான் முக்கியம். 2012 அயோவாவைப் பாருங்கள். அயோவாவின் டெமொய்ன் ரெஜிஸ்டர் பத்திரிகைக்காக ஆன் செல்சர் நடத்திய கடைசி சர்வே, டிசம்பர் 27 முதல் 30 வரை நான்கு நாள். மொத்தக் கணக்கில் மிட் ராம்னி 24, ரான் பால் 22, ரிக் சான்டோரம் 15. படத்தில் போட்டால் சான்டோரம் மூன்றாமிடத்தில் பரிதாபமாகத் தெரிவார். ஆனால் அதே அறிக்கையில் கடைசி இரண்டு நாள் பதில்களை மட்டும் தனியாகவும் கொடுத்திருந்தார்கள்: ராம்னி 24, சான்டோரம் 21, பால் 18. நான்கு நாளுக்குள்ளேயே ஒருவர் ஏறிக்கொண்டிருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. ஜனவரி 3 இரவு ராம்னி 8 ஓட்டில் ஜெயித்ததாகச் சொன்னார்கள். பிறகு சரிபார்த்தபோது சான்டோரம் 34 ஓட்டு முன்னால் இருந்தார். மாநிலத்தின் 99 கவுன்டிகளுக்கும் (நம் மாவட்டம் மாதிரி) போய் வந்த மனிதர்.

2016-லும் இதே கதைதான். கடைசி சர்வே ஜனவரி 26 முதல் 29 வரை, காக்கஸ் பிப்ரவரி 1. நடுவில் 28-ம் தேதி இரவு டெமொய்னில் விவாதம், டிரம்ப் அதற்கு வரவில்லை. அதாவது பெரும்பாலான பதில்கள் விவாதத்துக்கு முன்னால் வாங்கியவை. ஆகையால் நோட்டில் சர்வே தேதிக்குப் பக்கத்திலேயே விவாதம், விலகல், ஆதரவு அறிவிப்பு எதுவானாலும் அதன் தேதியையும் எழுதுங்கள்.

படி 4: இடைவெளிக்கு ஒரு கணக்கு

‘பிழை வரம்பு 3.7’ என்று போட்டிருக்கும். அது ஒரு வேட்பாளரின் எண்ணுக்கானது. இரண்டு பேருக்கு நடுவில் உள்ள இடைவெளிக்கு அதை அப்படியே வைத்துப் பார்க்கக் கூடாது, நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இது. தோராயமான கணக்கு ஒன்று சொல்கிறேன். இருவர் சதவீதத்தையும் பின்னமாக்கிக் கூட்டுங்கள், எத்தனை பேரிடம் கேட்டார்களோ அந்த எண்ணால் வகுங்கள், வர்க்கமூலம் எடுங்கள், இரண்டால் பெருக்குங்கள். வருவதுதான் அந்த இடைவெளியின் ஆட்டம், அதாவது இடைவெளி அவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம்.

2024 அயோவாவின் கடைசி ரெஜிஸ்டர் சர்வேயில் போட்டுப் பார்ப்போம். கேட்டது 705 பேரிடம். டிரம்ப் 48, ஹேலி 20, ரான் டிசான்டிஸ் 16. ஹேலி, டிசான்டிஸ் இருவருக்கும்: 0.20 + 0.16 = 0.36. அதை 705-ஆல் வகுத்தால் 0.00051. வர்க்கமூலம் 0.0226. இரண்டால் பெருக்கினால் 0.045, அதாவது 4.5 புள்ளி. இருந்த இடைவெளியோ 4 புள்ளி! ‘ஹேலி இரண்டாமிடம்’ என்று வந்த தலைப்புக்கு அந்த சர்வேயிலேயே முழு ஆதாரம் இல்லை. முடிவு வந்தபோது டிசான்டிஸ் 21, ஹேலி 19. டிரம்ப் இருந்த தூரத்தை எந்த ஆட்டமும் எட்டாது, அவர் 51 எடுத்தார்.

2016-க்கும் போட்டுப் பாருங்கள்: 602 பேர், டிரம்ப் 28, டெட் குரூஸ் 23. ஆட்டம் 5.8 வரும், இடைவெளி 5. குரூஸ் ஜெயித்ததை அன்றைக்குப் பெரிய அதிர்ச்சி என்று எழுதினார்கள். மார்கோ ரூபியோ 15-லிருந்து 23-க்கு ஏறியதுதான் இந்தக் கணக்குக்குள் அடங்காதது, அது கடைசி நேரத்தில் முடிவெடுத்தவர்களின் வேலை.

படி 5: கீழே இருக்கும் கேள்விகள்

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ‘யாருக்கு ஓட்டு?’ என்ற கேள்விக்குப் பிறகு பொதுவாக மூன்று கேள்விகள் இருக்கும்: எவ்வளவு உற்சாகம், முடிவு மாறுமா, இரண்டாவது விருப்பம் யார்.

உற்சாகத்தை முதலில் பாருங்கள். மேலே சொன்ன 2024 அயோவா சர்வேயில் ‘மிக மிக உற்சாகமாக இருக்கிறேன்’ என்றவர்கள் டிரம்ப் ஆதரவாளர்களில் 49 சதவீதம், டிசான்டிஸ் ஆதரவாளர்களில் 23, ஹேலி ஆதரவாளர்களில் 9 மட்டும். அந்தக் குளிரில் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வருகிறவர் யார் என்று இந்த மூன்று எண்களும் சொல்லிவிட்டன. படி 4-ன் கணக்கையும் இதையும் சேர்த்து வைத்தால் இரண்டாமிடம் மாறியதில் வியப்பே இல்லை.

அடுத்து இரண்டாவது விருப்பம். பிரைமரியில் ஆட்கள் விலகிக்கொண்டே இருப்பார்கள், அவர்களுடைய ஓட்டு எங்கே போகும் என்பதற்கு வேறு வழிகாட்டி கிடையாது. 2024 ஜனவரி 4 முதல் 8 வரை நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகம் சிஎன்என்னுக்காக நடத்திய சர்வேயை நோட்டில் எழுதுங்கள்: டிரம்ப் 39, ஹேலி 32, கிறிஸ் கிறிஸ்டி 12, ராமசாமி 8, டிசான்டிஸ் 5. கிறிஸ்டி ஆதரவாளர்களில் 65 சதவீதம் பேருக்கு இரண்டாவது விருப்பம் ஹேலி.

10-ம் தேதி கிறிஸ்டி விலகினார். 12-ல் 65 சதவீதம் என்றால் ஏறக்குறைய 8. ஹேலியின் 32-உடன் சேர்த்தால் 40. 15-ம் தேதி அயோவா முடிவு வந்த இரவே ராமசாமி விலகி டிரம்பை ஆதரித்தார். அவருடைய 8-ஐ அப்படியே டிரம்ப் பக்கம் போட்டால் 47. அதே பல்கலைக்கழகத்தின் அடுத்த சர்வே 16 முதல் 19 வரை: டிரம்ப் 50, ஹேலி 39, டிசான்டிஸ் 6. நோட்டில் போட்ட கூட்டல் எவ்வளவு பக்கத்தில் வந்திருக்கிறது பாருங்கள். 21-ம் தேதி டிசான்டிஸும் விலகி டிரம்பை ஆதரித்தார். 23-ம் தேதி முடிவு டிரம்ப் 54, ஹேலி 43. ஒவ்வொரு முறையும் இவ்வளவு சுத்தமாகப் பொருந்தாது, ஆனால் எந்தத் திசையில் நகரும் என்பதை முன்கூட்டியே பார்க்கலாம்.

படி 6: பணம் யாருடையது?

ஒரு வேட்பாளரின் பிரசாரக் குழுவோ அவருக்காகச் செலவழிக்கும் அமைப்போ கொடுத்த சர்வே என்றால் தனி நிறப் பேனாவில் எழுதுங்கள். தங்களுக்குச் சாதகமாக வந்ததைத்தான் வெளியில் விடுவார்கள், மற்றது அலமாரியிலேயே இருக்கும். மற்றவற்றை ஒரே வாரத்தில் வந்தவையாகப் பார்த்து மூன்று நான்கைச் சேர்த்துச் சராசரி எடுத்துக்கொள்ளலாம்.

படி 7: ஒரு மாநிலம் முடிந்ததும்

அயோவா முடிவு வந்த இரவே, அதற்கு முன் எடுத்த நியூ ஹாம்ப்ஷயர், சவுத் கரோலைனா எண்களின் மேல் ஒரு கோடு போடுங்கள். எண்கள் தெரியட்டும், ஆனால் பழையவை என்று தெரிய வேண்டும். 2012-ல் நியூ ஹாம்ப்ஷயரை ஜனவரி 10 அன்று ஜெயித்த ராம்னி சவுத் கரோலைனா சர்வேக்களிலும் முன்னால்தான் இருந்தார். 16-ம் தேதி விவாதத்தில் இன்னொரு போட்டியாளரான நியூட் கிங்ரிச் கூட்டத்தை எழுப்பி நிறுத்தினார். 19-ம் தேதி ஒரே நாளில், அயோவாவில் உண்மையில் முன்னால் இருந்தவர் சான்டோரம்தான் என்று அறிவிப்பு வந்தது, ரிக் பெர்ரி விலகி கிங்ரிச்சை ஆதரித்தார், இரவு சார்ல்ஸ்டனில் இன்னொரு விவாதம் நடந்தது. 21-ம் தேதி ஓட்டு எண்ணியபோது கிங்ரிச் 40, ராம்னி 28. அந்த வாரத்தில் செவ்வாய்க்கிழமை எடுத்த சர்வேயை வெள்ளிக்கிழமை படித்தவர் வேறு ஒரு தேர்தலைப் படித்துக்கொண்டிருந்தார்.