வெனீர் போடும் முன்: வெற்றிலை போடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியவை

குன்யா, அதாவது வெற்றிலை பாக்கு, போட்டுக் கறுத்துப்போன முன்பற்களுக்கு வெனீர் (பல்லின் முன்பக்கத்தில் ஒட்டும் மெல்லிய ஓடு) போட்டுக்கொள்ளலாமா? மியான்மரின் யாங்கோனிலும் மௌல்மீனிலும் கல்யாணப் பேச்சு தொடங்கிய வீடுகளில் இந்தக் கேள்வி தவறாமல் வருகிறது. போடலாம். ஆனால் கறைக்கு அது கடைசி வைத்தியம். வெற்றிலைக் கறை பெரும்பாலும் பல்லின் மேல் படிந்ததுதான். முதலில் ஸ்கேலிங்கும் (பல்லில் படிந்ததைச் சுரண்டி எடுப்பது) பாலிஷும் செய்துகொண்டு, ஈறு ஆற இரண்டு வாரம் விட்டு, பகல் வெளிச்சத்தில் கண்ணாடி பாருங்கள். பலருக்கு வேலை அங்கேயே முடிந்துவிடும்.

அதற்குப் பிறகும் மஞ்சளாகத் தெரிந்தால் ப்ளீச்சிங். பல்லுக்கு அளவெடுத்துச் செய்த டிரேயில் 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஜெல் வைத்து, இரவில் இரண்டு மூன்று வாரம் போட வேண்டும். பல்லை ராவ வேண்டியதில்லை. வெனீர் போடுவதாக முடிவு செய்திருந்தாலும் ப்ளீச்சிங்கை முன்னாலேயே முடித்துவிடுங்கள். வெனீரின் நிறத்தைப் பிறகு மாற்ற முடியாது, பக்கத்துப் பற்கள்தான் அதோடு ஒத்துப்போக வேண்டும். ப்ளீச்சிங் முடிந்து இரண்டு வாரமாவது கழிந்துதான் ஒட்ட வேண்டும். பல்லில் தங்கியிருக்கும் ஆக்சிஜன் பசையைச் சரியாக இறுகவிடாது.

வெனீர் உண்மையில் உதவுவது உள்ளிருந்து வரும் நிறத்துக்கு: சிறுவயதில் டெட்ராசைக்ளின் மாத்திரை சாப்பிட்டதால் வந்த சாம்பல் பட்டை, ஃபுளோரைடு மிகுந்த கிணற்றுத் தண்ணீரால் வந்த பழுப்புத் திட்டு போன்றவை. முனை உடைந்த பல், சின்னப் பல், பல்லிடை இடைவெளி ஆகியவற்றுக்கும் பொருந்தும். கருமை கூடக் கூட வெனீர் தடிக்கும், பல்லையும் அதிகம் ராவ வேண்டிவரும்.

ராவினால் திரும்ப வளராது

பல்லின் வெளி ஓடான எனாமல் ஈறோரம் மிக மெல்லியது, 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர்தான் இருக்கும். நடுவில் அதைவிடத் தடிப்பு. பீங்கான் வெனீருக்கு வழக்கமாக ஈறோரம் 0.3, நடுவில் 0.5 மில்லிமீட்டர் ராவி, முனையில் 1 முதல் 1.5 வரை குறைப்பார்கள். பசை நன்றாகப் பிடிப்பது எனாமலில். அதைத் தாண்டி உள்ளே உள்ள டென்டினுக்குப் போனால் பிடிப்பு குறையும், கூச்சம் கூடும், வெனீர் கழன்று விழும் வாய்ப்பும் ஏறும். அதனால் மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல: "என் பல்லில் எத்தனை மில்லிமீட்டர் எடுப்பீர்கள்? ஓரம் முழுக்க எனாமலிலேயே நிற்குமா?"

வெனீர் என்ற பெயரில் கேப் (பல் முழுவதையும் மூடும் உறை) போடுகிறவர்களும் உண்டு. வெனீருக்குப் பல்லின் உடலில் 3 முதல் 30 சதவீதம் போகிறது. முழு கேப்புக்கு 63 முதல் 72 சதவீதம். பல்லைச் சுற்றிலும் ராவி முளைக்குச்சி போல ஆக்கிய படத்தைக் காட்டி அதை வெனீர் என்றால் நம்பாதீர்கள். நல்ல பல்லுக்குக் கேப் தேவையே இல்லை.

ராவாமலே ஒட்டும் வெனீரும் உண்டு. சின்னப் பல்லுக்கும் இடைவெளிக்கும் அது நல்லது. சாதாரண அளவுப் பல்லில் ஒட்டினால் ஈறோரம் தடித்து நிற்கும், அந்த விளிம்பில் அழுக்கு சேர்ந்து ஈறு வீங்கும்.

வெற்றிலையும் கடியும்

பளபளப்பான பீங்கானில் வெற்றிலைச் சாறு அவ்வளவாக ஏறாது. பல்லும் பீங்கானும் சேரும் பசைக்கோட்டில்தான் ஏறும். சில மாதத்தில் ஈறோரம் மெல்லிய பழுப்புக் கோடு தெரியத் தொடங்கும், அதை உள்ளே போய் யாராலும் துடைக்க முடியாது. கம்போசிட் (பல் நிறப் பிசின்) வெனீரோ முழுப் பரப்பிலும் நிறம் இழுக்கும். அதைவிட மோசம் பாக்கு. முன்பல்லால் பாக்கைக் கடித்து உடைக்கிற பழக்கம் இருந்தால் பீங்கானின் முனை சில்லு சில்லாகப் பெயரும்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் வெளியிட்ட அறிக்கை, புகையிலை சேராத வெற்றிலை பாக்கையும் வெறும் பாக்கையும் புற்றுநோய் உண்டாக்குபவை என்றே வகைப்படுத்தியது. வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள்: உங்கள் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேல் கீழ் முன்பற்களுக்கு நடுவே நுழைக்க முடிகிறதா? முடியவில்லை என்றாலோ, காரம் பட்டால் வாய் எரிகிறது, கன்னத்தின் உள்ளே வெள்ளைத் திட்டு இருக்கிறது, புண் இரண்டு வாரத்தில் ஆறவில்லை என்றாலோ வெனீர் பேச்சை ஒதுக்கிவிட்டு முதலில் வாயைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். குன்யாவை விட்டு மூன்று மாதமாவது தாக்குப்பிடித்த பிறகு வெனீருக்குப் பணம் கட்டுவதுதான் எங்கள் கருத்தில் சரி.

தூக்கத்தில் பல்லை நறநறக்கிறவர்கள் கோரைப்பல்லைக் கவனியுங்கள். கூர்முனை தேய்ந்து தட்டையாகியிருந்தால் வெனீரும் அதே பாட்டைப் படும். அவர்களுக்கு இரவில் போடும் நைட்கார்டு கட்டாயம், அதன் செலவையும் கணக்கில் சேருங்கள். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் முனைக்கு முனை முட்டும் கடி என்றால் முதலில் கம்பி போட்டுச் சரிசெய்வது நல்லது. சொத்தை, ஈறில் ரத்தக்கசிவு இரண்டையும் ஆற்றிய பிறகே அளவெடுக்க வேண்டும்.

கம்போசிட்டா, பீங்கானா

கம்போசிட்டை ஒரே நாளில் வாயிலேயே வடிவமைப்பார்கள். விலை குறைவு, உடைந்தால் ஒட்டுப்போடலாம், நான்கு முதல் ஏழு ஆண்டு உழைக்கும். பீங்கான் லேப்பில் செய்வது, நன்றாக ஒட்டினால் பத்துப் பதினைந்து ஆண்டும் அதற்கு மேலும் நிற்கும், உடைந்தால் புதிதாகத்தான் செய்ய வேண்டும். இருபது வயதுப் பிள்ளைக்குப் பீங்கான் போட்டால் ஆயுளில் இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டிவரும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ராவுவதற்கு முன் வாயில் போட்டுப் பாருங்கள்

அளவெடுத்த மாதிரியில் மெழுகால் புதுப் பல் செய்து, அதன் அச்சை வைத்துத் தற்காலிகப் பிசினில் உங்கள் பல்லின் மேலேயே வார்த்துக் காட்ட முடியும். இதற்கு மாக்கப் என்று பெயர். இதைச் செய்யாத இடத்தில் பல்லை ராவ விடாதீர்கள். மாக்கப்போடு "வாங்க, வணக்கம், ஃபோன்" என்று சத்தமாகச் சொல்லுங்கள். மேல்பல் முனை கீழுதட்டின் உள்விளிம்பை மெல்லத் தொட வேண்டும். உதட்டை அழுத்தினால் பல் நீளம். "சாமி, சீனி" என்னும்போது காற்று சீறினாலும் சொல்லிவிடுங்கள். வீட்டாருக்கும் காட்டிவிட்டுச் சம்மதியுங்கள்.

நிறம் பார்ப்பதை வருகையின் தொடக்கத்திலேயே, ஜன்னல் வெளிச்சத்தில், உதட்டுச் சாயம் இல்லாமல் செய்ய வேண்டும். வாயைத் திறந்து வைத்திருந்தால் பல் காய்ந்து உள்ளதைவிட வெளுப்பாகத் தெரியும். ஒற்றைப் பல்லுக்கு மட்டும் நிறம் பொருத்துவதுதான் மிகக் கடினம்.

ஒட்டும் நாளில் வெனீரின் உட்புறத்தை வாய்க்கு வெளியே ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தால் அரித்து, பசை பிடிக்க சைலேன் என்ற திரவம் தடவுவார்கள். பல்லில் 37 சதவீத பாஸ்பாரிக் அமிலம் 15 முதல் 30 விநாடி. பிறகு பிசின், நீல ஒளி. எச்சிலோ ரத்தமோ பட்டால் பிடிப்பு கெடும், அதனால் ரப்பர் டாம் (பல்லைச் சுற்றி விரிக்கும் ரப்பர் தாள்) போடுவார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். நிரந்தரமாக ஒட்டுவதற்கு முன் கழுவினால் போகும் பசையில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். நிறம் பிடிக்கவில்லை என்றால் சொல்ல அதுதான் கடைசி வாய்ப்பு.

இதற்கெல்லாம் குறைந்தது மூன்று வருகை, மூன்று நான்கு வாரம் ஆகும். கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் தொடங்காதீர்கள். பாங்காக் போய்ப் போடுகிறவர்கள், கழன்றால் இங்கே யார் பார்ப்பார்கள் என்பதை ஏற்பாடு செய்துவிட்டுப் புறப்படுங்கள். பொருளின் பெயர், நிற எண், பசையின் பெயர் மூன்றையும் எழுதி வாங்குங்கள்.

போட்ட பிறகு லபெட்தோவில் (ஊறவைத்த தேயிலைக் கலவை) வரும் வறுத்த பட்டாணியைக் கடைவாய்ப் பல்லுக்குத் தள்ளிவிடுங்கள். கொய்யாவை முன்பல்லால் கடிக்காமல் நறுக்கித் தின்னுங்கள். பங்குனி உத்திரத்துக்கு அலகு குத்துகிறவர்கள், நாக்கு அலகும் கன்னத்துக் கம்பியும் முன்பல்லில் இடிக்காதபடி குத்தச் சொல்லுங்கள்.

வெனீர் முழுசாகக் கழன்றால் தூக்கிப் போடாதீர்கள். டிஷ்யூவில் சுற்றினால் குப்பையோடு போய்விடும், சின்ன டப்பாவில் வையுங்கள். கடையில் விற்கும் சூப்பர்குளூவால் நீங்களே ஒட்டினால் உட்புறம் பாழாகி, திரும்ப ஒட்டக்கூடியதும் ஒட்ட முடியாததாகிவிடும். முடிந்தவரை சீக்கிரம் போட்டவரிடமே கொண்டுபோங்கள்.