பிஎச் மீட்டரைப் பயன்படுத்துவதும் பராமரிப்பதும்: புதியவர்களுக்கான செய்முறை

கரைசலின் அமில, காரத் தன்மையைக் குறிக்கும் எண்ணான பிஎச்சை அளக்கும் பிஎச் மீட்டரில் பிழையான அளவு வந்தால் பலரும் முதலில் கருவியைத்தான் சந்தேகிக்கிறார்கள்; ஆனால் கோளாறு பெரும்பாலும் அதனுடன் இணைந்த எலக்ட்ரோடில்தான் இருக்கும். எலக்ட்ரோடின் நுனியிலுள்ள மெல்லிய கண்ணாடிக் குமிழின் மேற்பரப்பில் நீரேறிய படலம் ஒன்று உண்டு. கரைசலிலுள்ள ஹைட்ரஜன் அயனிகளுக்கேற்ப அங்கே உருவாகும் மின்னழுத்தத்தை, ஒப்பீட்டு எலக்ட்ரோடின் மாறாத மின்னழுத்தத்தோடு ஒப்பிட்டே கருவி பிஎச் மதிப்பைக் காட்டுகிறது. அந்தப் படலம் காய்ந்துவிட்டால் எவ்வளவு விலையுயர்ந்த மீட்டராலும் பயனில்லை.

படி 1: எலக்ட்ரோடைத் தயார் செய்தல்

நுனியை மூடியிருக்கும் உறையைக் கழற்றும்போது வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் பதற வேண்டாம். அது உள்ளிருந்து கசிந்து காய்ந்த பொட்டாசியம் குளோரைடு. காய்ச்சி வடித்த நீரில் கழுவினால் கரைந்துவிடும். கரைசல் நிரப்பும் வகை எலக்ட்ரோடாக இருந்தால், பக்கவாட்டுத் துளையைத் திறந்துவைத்து, உள்ளிருக்கும் கரைசலின் மட்டம் அளக்கப்போகும் கரைசலின் மட்டத்தைவிட உயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். குமிழுக்குள் காற்று தங்கியிருந்தால், காய்ச்சல் பார்க்கும் பழைய பாதரச வெப்பமானியை உதறுவதுபோல மெல்லக் கீழ்நோக்கி உதறினால் அது மேலேறிவிடும்.

படி 2: அளவுத்திருத்தம்

இந்தப் படியில் காட்டும் அவசரம் பிறகு எடுக்கும் எல்லா அளவுகளையும் கெடுத்துவிடும் என்பதால் நிதானமாகச் செய்யுங்கள். பிஎச் மதிப்பு துல்லியமாகத் தெரிந்த கரைசல்களான பஃபர்களில் எலக்ட்ரோடை வைத்துக் கருவியைச் சரிசெய்வதே அளவுத்திருத்தம். முதலில் 7.00 பஃபர், அடுத்து, உங்கள் மாதிரி அமிலமாக இருக்கும் என்று எதிர்பார்த்தால் 4.01, காரமாக இருக்கும் என்றால் 10.01. மாதிரியின் மதிப்பு இவ்விரண்டுக்கும் இடையில் விழ வேண்டும். பஃபரைச் சிறு பீக்கரில் ஊற்றிப் பயன்படுத்துங்கள். மிஞ்சியதை ஒருபோதும் பாட்டிலில் திரும்ப ஊற்றாதீர்கள். காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை உறிஞ்சி மதிப்பு இறங்கிவிடும் என்பதால், 10.01 பஃபரின் பாட்டிலை நெடுநேரம் திறந்துவைக்கவும் கூடாது.

ஒவ்வொரு பஃபருக்கும் இடையே எலக்ட்ரோடை நீரில் கழுவி, டிஷ்யூ தாளால் ஈரத்தை ஒற்றியெடுங்கள். தேய்த்துத் துடைத்தால் கண்ணாடியில் நிலைமின்னூட்டம் ஏறி, எண் நிலைகொள்ளாமல் அலையும்.

முடிவில் கருவி காட்டும் சாய்வு மதிப்பை, அதாவது ஒரு பிஎச் அலகு மாறும்போது மின்னழுத்தம் எவ்வளவு மாறுகிறது என்பதை, குறித்துக்கொள்ளுங்கள். 25 டிகிரி செல்சியஸில் ஒரு பிஎச் அலகுக்கு 59.16 மில்லிவோல்ட் என்பது கோட்பாட்டு மதிப்பு. அதில் 95 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருப்பது நல்லது. மில்லிவோல்ட் காட்டும் கருவியானால், 7.00 பஃபரில் சுழியையொட்டியும், 4.01 பஃபரில் 177-ஐ ஒட்டியும் எண் வரும்.

படி 3: அளத்தல்

குமிழும் அதற்குச் சற்று மேலே பக்கவாட்டில் இருக்கும், உள்கரைசல் மாதிரியைத் தொடும் நுண்துளைச் சந்தியும் மூழ்கும்வரை எலக்ட்ரோடை இறக்கி, மாதிரியை மெதுவாகக் கலக்கிக்கொண்டே, எண் நிலைக்கும்வரை காத்திருங்கள். காந்தக் கலக்கியைப் பயன்படுத்தினால், சுழலும் துண்டு குமிழில் மோதாத உயரத்தில் தாங்கியைப் பொருத்துங்கள்.

தானியங்கி வெப்பநிலை ஈடுசெய்தல் இருப்பதால் வெப்பநிலையைக் கவனிக்க வேண்டியதில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது எலக்ட்ரோடின் சாய்வை மட்டுமே திருத்துகிறது. கரைசலின் பிஎச் வெப்பநிலையோடு மாறுவதை அது திருத்தாது. உயிர்வேதியியல் ஆய்வகங்களில் பயன்படும் டிரிஸ் பஃபரின் பிஎச் ஒரு டிகிரி சூட்டுக்கு ஏறத்தாழ 0.03 வரை இறங்கும். ஆகவே அளவோடு வெப்பநிலையையும் எழுதுங்கள். கருவியைச் சோதிக்கக் காய்ச்சி வடித்த நீரை அளந்து பார்ப்பதும் வீண் வேலை: அதில் அயனிகள் மிகக் குறைவு என்பதால் எண் நிலைக்காது.

பராமரிப்பு

வேலை முடிந்ததும் எலக்ட்ரோடைக் கழுவி, துளையை மூடி, சேமிப்புக் கரைசலிலோ 3 மோலார் பொட்டாசியம் குளோரைடிலோ வையுங்கள். காய்ச்சி வடித்த நீரில் வைத்தால் உள்ளிருக்கும் அயனிகள் வெளியேறி, எலக்ட்ரோடின் ஆயுள் குறையும். காய்ந்துபோன எலக்ட்ரோடைச் சேமிப்புக் கரைசலில் ஓரிரவு ஊறவைத்தால் பெரும்பாலும் மீண்டுவிடும்.

எண் நிலைக்க நெடுநேரம் எடுத்தால், படிவு எதுவோ அதற்கேற்பச் சுத்தம் செய்யுங்கள்: உப்புப் படிவுக்கு 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம், எண்ணெய்க்கு மென்மையான சோப்புக் கரைசல், புரதத்துக்கு அமிலத்தில் கரைத்த பெப்சின் என்ற நொதி. அமிலத்தைக் கையாளும்போது கையுறையும் கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் அவசியம். கழுவிய பின் சேமிப்புக் கரைசலில் ஒரு மணி நேரமாவது ஊறவைத்து, அளவுத்திருத்தத்தை மறுபடி செய்யுங்கள். அதன் பிறகும் சாய்வு தேறவில்லை என்றால் எலக்ட்ரோடை மாற்றுங்கள்; புதியதைப் பயன்பாட்டுக்கு எடுத்த தேதியை அதன் கேபிளிலேயே ஒட்டிவிடுங்கள்.